மேகக் கணினிக்கும் ஒரு மேஸ்திரி வேண்டும்

(மேனிலை வகுப்பு மாணவியர், கணினி அறிவியல் மன்றம்)

"சர்வர் இல்லை, நாளை வாருங்கள்."

இந்த நான்கு சொற்களைக் கேளாத குடும்பம் நம் ஜவளகிரிப் பகுதியில் உண்டோ? நியாய விலைக் கடையில் கேட்கிறோம். இ-சேவை மையத்தில் கேட்கிறோம். வங்கி வாசலிலும் கேட்கிறோம். சர்வர் என்பவர் யாரோ ஓர் அதிகாரி, அடிக்கடி விடுப்பில் போய்விடுகிறவர் என்றே எங்களுள் ஒருத்தியின் பாட்டியார் நெடுநாள் எண்ணியிருந்தாராம். கேட்டுச் சிரித்தோம். ஆனால் எல்லா நேரமும் சிரித்துவிட முடிவதில்லை.

சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் கல்லூரியில் சேர்ந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சென்றாள். தந்தையார் தளிப் பக்கத்தில் ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். வருமானச் சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதிக்கு இரண்டே நாள் இருந்தன. கடைசி நாளன்று முதல் பேருந்தில் சென்று கணினி மையத்தில் அமர்ந்தாள். திரையில் சிறு சக்கரம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பிற்பகலில் ஒருமுறை பக்கம் திறந்தது. சான்றிதழை ஏற்றும் இடத்தில் மீண்டும் நின்றது. மாலையில், காலக்கெடு முடிந்தது என்ற அறிவிப்பு மட்டும் தெளிவாக வந்தது. அவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாயாரின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

இதை வகுப்பில் சொன்னபோது, "யார் பிழை, சிஸ்டர்?" என்று கேட்டோம். எங்கள் ஆசிரியையான அருட்சகோதரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யார் பிழை என்பதை விடுங்கள், பிள்ளைகளே. கடைசி நாளில் கூட்டம் வரும் என்பதை முன்கூட்டியே யார் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்? அதைத் தேடிப் படித்து எழுதுங்கள்" என்றார். அப்படித் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மேகக் கணினி என்றால் என்ன?

நம் பாட்டிமார் கேழ்வரகைத் திரிகையில் அரைத்தனர். வீட்டுக்கொரு திரிகை, அதைக் கொத்தி வைப்பதும் அவர்கள் பாடு, அரைப்பதும் அவர்கள் பாடு. இன்று மாவு மில்லுக்குக் கொண்டு போகிறோம். இயந்திரம் நம்முடையதன்று, மின்கட்டணம் நாம் கட்டுவதில்லை, பெல்ட் அறுந்தால் நாம் மாற்றுவதில்லை. எத்தனை கிலோ அரைத்தோமோ அத்தனைக்குக் கூலி கொடுத்துவிட்டு வருகிறோம்.

மேகக் கணினியும் இத்தகையதே. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கணினிகளை வாங்கிக் குளிர்பதன அறையில் வைத்துக் காத்தது. இப்போது வேறெங்கோ உள்ள பெரிய தரவு மையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இயங்குகின்றன. வேண்டியவர் வேண்டிய அளவுக்கு இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றனர். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு இத்தொழிலைப் பெரிய அளவில் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் இந்தியாவில் நிறுவிய மையங்களுள் ஒன்று நம் சென்னையிலேயே உள்ளது. நடுவண் அரசும் 'மேக்ராஜ்' என்னும் பெயரில் அரசுத் துறைகளுக்கான மேகத்தை 2014இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

ஆக, மேகம் என்பது வானத்தில் இல்லை. அது மண்ணின்மேல், கட்டடத்திற்குள், கம்பிகளோடும் மின்விசிறிகளோடும் டீசல் ஜெனரேட்டர்களோடும் இருக்கிறது. அதைக் காப்பவரும் நம்மைப் போன்ற மனிதரே.

மேஸ்திரியின் வேலை

நம் ஊரில் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். கொத்தனார் உண்டு, சித்தாள் உண்டு, தச்சர் உண்டு, ஒயர்மேன் உண்டு, குழாய் வேலை செய்பவர் உண்டு. எல்லாரும் தத்தம் தொழிலில் வல்லவர்களே. ஆயினும் மேஸ்திரி இல்லையேல் என்னவாகும்? சுவருக்குப் பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்த பிறகு ஒயர்மேன் வந்து குழாய் பதிக்கச் சுவரைக் கொத்துவார். எவரும் தவறு செய்யவில்லை. ஆனால் வீடு பாழ்.

மேகக் கணினித் தொழிலில் இந்த மேஸ்திரியைத் தொழில்நுட்பத் திட்ட மேலாளர் என்கின்றனர். ஆங்கிலத்தில் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர். எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவர். எப்படிச் செய்வது என்று அறிந்த பொறியாளர் பலர். எந்த வேலைக்குப்பின் எந்த வேலை, யார் யாருக்காகக் காத்திருக்கிறார், எது தவறினால் எது நின்றுபோகும், தவறினால் மாற்று வழி யாது என்று இரவும் பகலும் எண்ணுபவர் இவர். இவர் பொறியாளருக்கு மேலதிகாரி அல்லர். பெரும்பாலும் ஆணையிடும் அதிகாரம் இவருக்கு இல்லை. கேட்டும் விளக்கியும் எழுதி வைத்தும் நினைவூட்டியும் வேலையை நடத்திச் செல்ல வேண்டும். அதற்குத் தொழில்நுட்பமும் தெரிய வேண்டும். மனித மனமும் தெரிய வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். நோக்கம் தூயதாயிருந்தாலும் போதாது, உறுதி இருந்தாலும் போதாது, செய்யும் வகையும் அறிய வேண்டும் என்பதை அவ்வரிசையே நமக்கு உணர்த்துகிறது எனலாம். இனி அந்தச் செய்யும் வகையைக் காண்போம்.

முதற் கடமை: வரிசை அறிதல்

நம் பள்ளி ஆண்டு விழாவை எடுத்துக்கொள்வோம். நாடகத்திற்கு உடை தைக்க 10 நாள். ஒத்திகைக்கு 15 நாள். அழைப்பிதழ் அச்சிட 4 நாள். மேடை அமைக்க 2 நாள். கூட்டினால் 31 நாள். ஆனால் 31 நாள் தேவையில்லை. ஒத்திகை நடக்கும்போதே உடை தைக்கலாம், அழைப்பிதழும் அச்சிடலாம். ஒத்திகை 15 நாள், மேடை கட்டியபின் இறுதி ஒத்திகை ஒரு நாள் என்று வைத்தால், மேடையை ஒத்திகைக் காலத்திலேயே கட்டிவிட 16 நாளில் விழா நடக்கும். இங்கே ஒத்திகைதான் முதுகெலும்பு. உடை மூன்று நாள் தாமதித்தால் ஒன்றுமில்லை. ஒத்திகை மூன்று நாள் தாமதித்தால் விழாவே மூன்று நாள் தள்ளிப் போகும்.

இந்த முதுகெலும்பு வரிசையைக் கண்டறியும் முறை 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டூபாண்ட் என்னும் வேதியியல் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. 1958இல் அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக இதையொத்த பெர்ட் முறையை வகுத்தது. இன்றும் மேகக் கணினித் தொழிலில் புதிய தரவு மையம் திறப்பதாயினும், பழைய தொகுப்பை மாற்றுவதாயினும் முதலில் வரைவது இந்த வரிசையைத்தான்.

இரண்டாம் கடமை: எத்தனை ஒன்பது?

மேகச் சேவை தரும் நிறுவனங்கள், "எங்கள் சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்கும்" என்று உறுதி கூறும். கேட்க நிறைவாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் 0.1 விழுக்காடு என்பது 8.76 மணி. அதாவது ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நின்றுபோனாலும் வாக்குத் தவறவில்லை. 99 விழுக்காடு என்றால் மூன்றரை நாளுக்கும் மேல், 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். ஒவ்வோர் ஒன்பதும் கூடக் கூடச் செலவும் உழைப்பும் பன்மடங்காகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு விண்ணப்பப் பக்கம் ஐந்து உறுப்புகளை நம்பியிருப்பதாகக் கொள்வோம்: உள்நுழைவு, கைப்பேசிக் குறுஞ்செய்தி, ஆவணக் கிடங்கு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, வங்கி இணைப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 விழுக்காடு இயங்கும். ஆனால் ஐந்தும் ஒருசேர இயங்கினால்தான் விண்ணப்பம் போகும். அப்போது 0.999ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.995. ஆண்டுக்கு நிற்கக்கூடிய நேரம் 9 மணியன்று, 44 மணி! ஐந்து குழுக்களும் தத்தம் தேர்வில் தேறிவிட்டன. விண்ணப்பித்த பெண் மட்டும் தோற்றாள். தனித்தனி மதிப்பெண்ணைப் பாராமல் முழுமையைப் பார்ப்பவரே திட்ட மேலாளர்.

மேலும், அந்த 44 மணி எப்போது வருகிறது என்பதும் முக்கியம். நள்ளிரவில் நின்றால் யாரும் அறியார். கடைசி நாளில் நின்றால் கம்மல் போகும்.

மூன்றாம் கடமை: கூட்டத்தை எதிர்பார்த்தல்

திருவிழாவுக்குச் சமைப்பவர், எப்போதும் வரும் கூட்டத்திற்கு உலை வைப்பதில்லை. வரக்கூடிய கூட்டத்திற்கு வைக்கிறார். மேகக் கணினியின் பெருஞ்சிறப்பே கூட்டம் வரும்போது கணினிகளைக் கூட்டிக்கொண்டு, போனபின் குறைத்துக்கொள்ள இயல்வதுதான். ஆனால் அது தானாக நடந்துவிடாது. முன்கூட்டித் திட்டமிட்டுச் சோதித்திருக்க வேண்டும்.

இதற்கு நாம் அனைவரும் கண்ட சான்று ஒன்று உண்டு. கொரோனா தடுப்பூசிக்காக நடுவண் அரசு அமைத்த கோவின் தளம் 2021 ஜனவரி 16 அன்று, தடுப்பூசிப் பணி தொடங்கிய நாளிலேயே செயல்படத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிரம்பிய அனைவருக்கும் பதிவு திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பலருக்குப் பக்கம் திறக்கவில்லை, குறுஞ்செய்தி வரவில்லை. எனினும் அன்றே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்துவிட்டனர். அக்டோபர் 21 அன்று நூறு கோடித் தவணை நிறைவுற்றது. இத்துணைப் பெரிய பணியைக் காகிதத்தில் எழுதிச் செய்திருக்க முடியாது என்பது கண்கூடு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. காட்டோர ஊர்களில் கைப்பேசிக் கோபுரம் எட்டாத வீடுகள் இருந்தன. திறன்பேசி இல்லாத முதியோர் இருந்தனர். பதிவே கைப்பேசி வழிதான் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? 2021 மே 24 அன்று 18 முதல் 44 வயதினரும் அரசு மையங்களில் நேரில் வந்து பதிந்துகொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. மே 31 அன்று உச்ச நீதிமன்றமும், இணைய வசதி இல்லாதார் பின்தள்ளப்படுவதைக் குறித்துக் கேள்வி எழுப்பியது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கணினி தாங்குமா என்பது பாதிக் கேள்வி. யார் வெளியே நிற்கிறார் என்பது மறுபாதி. நல்ல திட்ட மேலாளர் இரண்டையும் முதல் நாளிலேயே கேட்பார்.

நான்காம் கடமை: பிழைக்கு அணை போடுதல்

2017 பிப்ரவரி 28. அமேசான் நிறுவனத்தின் வர்ஜீனியா மையத்துச் சேவையில் ஒரு பணியாளர் சிறு கோளாறு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில கணினிகளை மட்டும் விலக்குவதற்கான கட்டளையை அவர் தட்டச்சு செய்தபோது ஓர் உள்ளீடு தவறிவிட்டது. சிலவற்றுக்குப் பதில் பல கணினிகள் விலகின. கோப்புகளைச் சேமிக்கும் சேவையே நின்றது. அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்களும் செயலிகளும் நான்கு மணி நேரத்திற்கும் மேலாகத் தடுமாறின. "சேவை நன்றாக இருக்கிறதா?" என்று காட்டும் அறிவிப்புப் பலகையும் அதே சேவையை நம்பியிருந்தமையால், கோளாறைக்கூட அதில் உடனே அறிவிக்க இயலவில்லை!

பின்னர் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கம் நம் கருத்துக்குரியது. அது அந்தப் பணியாளரின் பெயரைச் சொல்லவில்லை. அவரைப் பழிக்கவும் இல்லை. ஒரு விரல் தவறினால் இத்தனையும் விழும்படி கருவி அமைந்திருந்ததே குறை என்று கண்டு, கருவியைத் திருத்தியது. இனிக் கணினிகள் மெல்ல மெல்லத்தான் விலகும். குறைந்த அளவுக்குக் கீழே விலக்கவே முடியாது. மேலும், அவ்வுறுப்புகளைப் பல ஆண்டுகளாக முழுமையாக நிறுத்தித் தொடங்கிப் பார்க்காததால்தான் மீள்வதற்கு அவ்வளவு நேரமாயிற்று என்பதையும் ஒப்புக்கொண்டது.

மாணவியரே, நம் வீட்டிலும் பள்ளியிலும் ஒரு பொருள் உடைந்தால் முதலில் கேட்பது, "யார் உடைத்தது?" என்பதே. உடைத்தவள் பயந்து மறைப்பாள். மறைத்தால் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் நாளை மீண்டும் உடையும். மனிதர் தவறுவர் என்று ஏற்றுக்கொண்டு, தவறினாலும் தாங்கும்படி அமைப்பதே அறிவுடைமை.

2024 ஜூலை 19 அன்று நடந்ததும் இதையே கூறும். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அத்திருத்தத்தை முதலில் நூறு கணினிகளுக்கும், பிறகு ஆயிரத்திற்கும், பிறகே எல்லாவற்றிற்கும் அனுப்பியிருந்தால் கேடு சிறிதாயிருக்கும். பொங்கும் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கும் நம் தாய்மார்க்கு இது புதிய பாடமன்று.

ஐந்தாம் கடமை: குடிபெயர்த்தல்

மேகத் தொழிலில் மிகக் கடினமான பணி, ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்தாமல் வேறிடத்திற்கு மாற்றுவது. 1996இல் தொடங்கப்பெற்று, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் நம் தமிழகத்து ஜோஹோ நிறுவனம் இதற்கு நல்ல சான்று தருகிறது. நடுவண் அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல்கள் அந்நிறுவனம் அமைத்த தளத்திற்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. முகவரிகள் மாறவில்லை, அஞ்சலகம் மட்டும் மாறியது.

எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய அஞ்சலகத்தை, கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்போதே வேறு தெருவுக்கு மாற்ற வேண்டும். ஒரு கடிதமும் தவறக் கூடாது. ஒரு கடிதமும் அயலார் கைக்குப் போகக் கூடாது. இத்தகைய பணியில் பொதுவாகக் கையாளும் முறை இதுவாகும்: முதலில் சிறு குழுவினரை மாற்றிப் பார்த்தல்; குறைகளைக் களைதல்; பிறகு தொகுதி தொகுதியாக மாற்றுதல்; ஒவ்வொரு தொகுதிக்கும் திரும்பி வரும் வழியைத் திறந்தே வைத்தல்; பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்த பின்னரே பழையதை மூடுதல்.

ஜோஹோவின் மின்னஞ்சல் சேவைக்கு நெடுங்காலம் பொறுப்பு வகித்தவர் ஒரு பெண்மணி, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ராதா வேம்பு என்பது நமக்குப் பெருமையன்றோ?

தலைமை என்பது யாது?

ஒரு மேஸ்திரி ஒரு வீட்டைப் பார்ப்பார். நூறு வீடுகள் எழும்போது பல மேஸ்திரிகளுக்கு ஒரு தலைவர் வேண்டும். அவருடைய பணி எத்தகையது?

நம் ஊர்க் காட்டையே சான்றாகக் காட்டலாம். கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரிக் காட்டுக்குள் வருவது நாம் ஆண்டுதோறும் காண்பது. ஒருவர் தம் வயலில் பட்டாசு கொளுத்தி விரட்டினால் யானை எங்கே போகிறது? பக்கத்து வயலுக்கு. அவர் விரட்டினால் அடுத்த ஊருக்கு. எல்லாரும் இரவெல்லாம் விழித்திருந்தும் பயிர் போகும். சில வேளை உயிரும் போகும். வனத்துறையினர் கூட்டம் நிற்கும் இடத்தை அறிந்து, ஊர்களுக்குச் செய்தி சொல்லி, எல்லாரும் சேர்ந்து ஒரே திசையில் காட்டுக்குள் நடத்தினால்தான் தீர்வு.

பெரிய நிறுவனத்திலும் ஒவ்வொரு குழுவும் தன் தொல்லையை அடுத்த குழுவின் வயலுக்கு விரட்டிவிட்டு, "எங்கள் பக்கம் சரியாகிவிட்டது" என்று எழுதி வைக்கும். தலைமை ஏற்பவர் முழுக் காட்டையும் பார்க்க வேண்டும்.

ஆளைக் கூட்டினால் வேலை விரைந்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையன்று. ஐந்து பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவழி 10. பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருள் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான பணியில் புதியவர்களைச் சேர்ப்பது தாமதத்தை இன்னும் கூட்டக்கூடும் என்று 1975இல் தம் நூலில் விளக்கினார். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போய்விடுகிறது அல்லவா?

எல்லாவற்றிலும் பெரிய கடமை, கெட்ட செய்தியைக் காலத்தோடு மேலே சொல்லுதல். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ஓடம் சிதறி எழுவர் மாண்டனர். குளிர் மிகுந்த நிலையில் ஏவுவது ஆபத்து என்று முந்திய இரவே பொறியாளர் சிலர் எச்சரித்திருந்தனர். அந்த எச்சரிக்கை உரியவர்களிடம் உரிய வலிமையோடு போய்ச் சேரவில்லை. உண்மையைச் சொல்பவளுக்குத் துணிவு வேண்டும். கேட்பவளுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். தலைவி இரண்டையும் வளர்ப்பவளாயிருத்தல் வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

நம் ஓசூர் 1970களிலும் 1980களிலும் தொழில் நகராக வளர்ந்தது. கைக்கடிகாரம், மோட்டார் சைக்கிள், லாரி என்று பலவும் இங்கே உருவாயின. இன்று ஓசூரைச் சுற்றியுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பணிபுரிகின்றனர். நம் பழைய மாணவியரும் அவர்களுள் இருக்கின்றனர். அவ்வுழைப்பு உயர்ந்தது. அதே வேளை, உறுப்புகளைப் பொருத்தும் கரங்கள் பெண்களுடையனவாக இருக்கும்போது, வரிசையை வகுக்கும் தலைமையும் பெண்களுடையதாக ஏன் இருத்தலாகாது? எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டியில் இத்தகைய பணிகள் நிறைந்துள்ளன.

செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராயிருந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட அக்கலம் 2024 ஜனவரி 6 அன்று தன் நிலையை அடைந்தது. அரியலூரைச் சேர்ந்த வளர்மதி அம்மையார் 2012இல் விண்ணேறிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராயிருந்தார். சிற்றூர்ப் பிறப்பு அவர்களுக்குத் தடையாகவில்லை.

இப்பணிக்குக் கணிதமும் கணினி அறிவியலும் அடிப்படை. பொறியியலோ கணினிப் பட்டப் படிப்போ முடித்து, சில ஆண்டுகள் பொறியாளராகப் பணிபுரிந்த பிறகே பெரும்பாலும் திட்ட மேலாளராகின்றனர். அதோடு மொழி வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் நாம், ஒருவர் சொன்னதை இன்னொருவர்க்கு விளங்கச் சொல்லும் பயிற்சியைப் பிறந்தது முதலே பெற்றிருக்கிறோம். அதுவே இத்தொழிலின் பாதி.

பயிற்சி வினாக்கள்

1. விளையாட்டு விழாவுக்கு வேண்டிய பன்னிரண்டு வேலைகளை எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறியிட்டுக் காட்டுக. முதுகெலும்பு வரிசை எது?
2. மூன்று உறுப்புகள் ஒவ்வொன்றும் 99 விழுக்காடு இயங்குகின்றன. மூன்றும் ஒருசேர இயங்கினால்தான் சேவை உண்டு எனில், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் நிற்கலாம்?
3. உன் வீட்டில் அண்மையில் நேர்ந்த ஒரு தவற்றை எடுத்துக்கொள். எவரையும் பழிக்காமல், காரணத்தையும் தடுக்கும் வழியையும் பத்து வரிகளில் எழுதுக.
4. கைப்பேசி இல்லாத ஒரு பாட்டியார் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கான வழி யாது?

முடிவுரை

எங்கள் தோழியின் அக்காள் இவ்வாண்டு சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி, திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டாள். தாயாரின் கம்மல் இன்னும் மீளவில்லை. வட்டி கட்டி வருகின்றனர். கடைசி நாள் வரை காத்திராதே என்பது நமக்கான பாடம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாடம் பாதிதான். சான்றிதழ் தாமதமாக வருகிறவர்கள் என்றும் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருப்பார்கள். கடைசி நாளில் வருபவர்களை மனத்தில் வைத்துத் திட்டமிடுவதே சேவை.

எங்களுள் ஒருத்தியேனும் ஒருநாள் அத்தகைய மேசையில் அமர்வாள் என்று நம்புகிறோம். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஐந்து குழுக்களும் சொல்லும்போது, "ஜவளகிரியிலிருந்து முதல் பேருந்தில் வந்த பெண்ணின் விண்ணப்பம் போயிற்றா?" என்று அவள் கேட்பாள். கேட்பதற்கு இன்றே பழகுவோமாக.